அப்பா பிடித்து வைத்த சீட்

சரவணா,

சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் இந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு பஸ் ஏறினால் உன் வீட்டு வாசல். கையில் போன் இருக்கிறது. ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் பேசியதுமே "அம்மா, ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரிப்பாய். உன் மேல் தப்பில்லை. கேஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்த கதையை நீயும் அப்பாவும் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்! பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவள் நிஜமாகவே பயப்படும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் சிரிக்காமல், கடைசி வரைக்கும் படி. அப்பா உள்ளே மதியத் தூக்கத்தில் இருக்கிறார். வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். பகலில் நாம் எப்போதடா கேட்டைப் பூட்டினோம் என்று கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

விமான சாகசம் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். உன் வேலைக்காக நீங்கள் மூன்று பேரும் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் வெளியே போகணும் என்று ஆசைப்பட்டு நீதான் ஏற்பாடு செய்தாய். நான் வழக்கம்போல் மூக்கைச் சுளித்தேன். நம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே பயிற்சி விமானம் சுற்றுகிறது. ஹெலிகாப்டர் போனால் சமையலறையில் தட்டு அதிர்கிறது. விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷமாகக் குடியிருந்துகொண்டு, விமானம் பார்க்கக் கடற்கரைக்குப் போகிற குடும்பம் நம் குடும்பமாகத்தான் இருக்கும் என்றேன். அதற்கு அப்பா, "டீச்சரம்மாவுக்கு வீட்டுக் குழாயில தண்ணி வந்தா போதும், கடலே வேணாம்" என்றார். மாமியார் என்று பார்க்காமல் நித்யாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயரிலிருந்து எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும், மறந்துவிடாதே.

நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். எலுமிச்சை சாதம் வெயிலில் கெட்டுப்போகுமா என்று பயந்தேன். பேத்தி மகிக்கு வெயில் தாங்குமா என்று பயந்தேன். கூட்டத்தில் பிக்பாக்கெட் அடித்துவிடுவார்கள் என்று பயந்து, அப்பாவின் போனையும் பர்ஸையும் வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அதற்கு மட்டும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். கடற்கரையில் அந்தப் போர் விமானம் காதைக் கிழித்துக்கொண்டு தாழ்வாகப் போனபோது, அது நம் தலையில் விழுந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீ என்னைப் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டினாய். அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார். என்னைப் பார்க்காதே, பக்கத்தில் அப்பாவைப் பார். மகியின் இரண்டு காதையும் தன் கையால் பொத்திக்கொண்டு நின்றாரே, அடுத்த விமானம் வந்ததும் குழந்தையை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். பிடி வலித்தது. "இது நம்ம தாம்பரத்துலேர்ந்துதானே கெளம்பி வருது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே கேட்டார். மறுபடியும் கேட்டார். "எத்தனை தடவைங்க சொல்றது?" என்று வள்ளென்று விழுந்தேன்.

அதற்கு முன்பே சில சில்லறை விஷயங்கள் இருந்தன. தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார் என்று நாம் எல்லோரும் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எதிர் வீட்டுக்காரர் பெயரை மறந்துவிட்டு, அவர் போகும்வரை "சார், சார்" என்றே சமாளித்தார். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று நானே சொல்லிக்கொண்டேன். கேஸ் சிலிண்டரை மூன்று முறை தொட்டுப் பார்க்கிறவள், இதை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

சாகசம் முடிந்து கிளம்பிய கூட்டத்தை நீயும் பார்த்தாய். ஊரே ஒரே நேரத்தில் வீடு திரும்ப நினைத்தால் எந்த ரோடு தாங்கும்? உச்சி வெயிலில் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். தண்ணீர் பாட்டில் பாதி வழியிலேயே தீர்ந்தது. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. முதலில் வந்த தாம்பரம் வண்டியில் கூட்டம் உன்னையும் நித்யாவையும் தூக்கி உள்ளே போட்டது. உன் தோளில் இருந்த மகி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். "அடுத்த வண்டியில வாங்கம்மா" என்று நீ கத்தியது கேட்டது. அதுவரைக்கும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் எங்களுக்கு வண்டி கிடைக்கவில்லை, அதனால்தான் இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்.

நீ ரயிலேறிப் போனதும் அப்பாவுக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. "நீ இங்கியே நில்லு டீச்சரம்மா. நான் பீச்சுக்குப் போய் சீட் புடிச்சுக்கினு வந்துடறேன்" என்றார். உனக்குச் சின்ன வயதில் இது ஒரு திருவிழா அல்லவா! அப்பாவின் ஆபீஸ் கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த காலம் முழுக்க அவர் வீட்டுக்கு வந்த விதம் அதுதான். தாம்பரம் வண்டிக்குக் காத்திருக்க மாட்டார். எதிர்ப்பக்கம் வண்டி ஏறி, ஒரு ஸ்டேஷன் தள்ளி, வண்டி முடிந்து திரும்புகிற பீச் ஸ்டேஷனுக்குப் போவார். அங்கே எல்லோரும் இறங்க, இவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அதே வண்டியில் ராஜா மாதிரி திரும்பி வருவார். அதற்காகவே சீசன் டிக்கெட்டைப் பீச் வரைக்கும் எடுத்து வைத்திருந்தார். பண்டிகைக்குத் துணி எடுக்கப் பாரிமுனை போகும்போதெல்லாம் நானும் நீயும் பைகளுமாகக் கோட்டையில் நிற்போம். அப்பா போய் சீட் கொண்டு வருவார். லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டி, இரண்டாவது வாசல். பக்கத்து சீட்டில் அவருடைய நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப் விரித்திருக்கும். "அப்பா சீட் எடுத்துட்டு வந்துட்டாரு!" என்று நீ குதிப்பாய். ஏதோ அவர் அதைக் கழற்றிக் கையில் எடுத்து வந்த மாதிரி.

அதனால்தான் நான் தடுக்கவில்லை. முழங்கால் வலியில் எனக்கும் ஒரு சீட் கிடைத்தால் தேவலை என்று இருந்தது. மேம்பாலத்தில் அவர் ஏறுவதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, முதுகு முழுக்க வியர்வை. படியின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார், இங்கேயே நில் என்று.

நின்றேன். வண்டி வந்தது. லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டி, இரண்டாவது வாசல், எனக்கு எதிரிலேயே வந்து நின்றது. வாசல் முழுக்கத் தலைகள். எட்டிப் பார்த்தேன், ஏங்கிப் பார்த்தேன், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். வண்டி போய்விட்டது. சரி, இந்த வண்டியில் இடம் கிடைத்திருக்காது, அடுத்ததில் வருவார் என்று நின்றேன். அடுத்தது வந்தது. அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. போன் பண்ணலாம் என்று பையைத் திறந்தேன். உள்ளே அவருடைய போன் என்னுடைய போனோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெயிலில் விழுந்துவிட்டாரா, தண்டவாளத்தில் இறங்கிவிட்டாரா, கூட்டம் மிதித்துவிட்டதா என்று மனசு என்னவெல்லாமோ காட்டியது. உனக்கு அடித்துப் பார்த்தேன். அவ்வளவு கூட்டத்தில் யாருடைய போனும் வேலை செய்யவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம் சொன்னேன். நல்ல பெண். அவளுக்கும் பாவம் குரல் கம்மிப்போயிருந்தது. "எத்தனை வயசும்மா? ஏதாச்சும் உடம்புக்கு முடியாதவரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நல்லா இருக்கறவர்தான்" என்றேன். நல்லா இருக்கிறவர்தானா?

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. உனக்கு ஏதாவது ஒன்று உறுத்தினால் அதற்குப் பெயர் வைத்துவிடு. நித்யாவிடம் சொல், என்னிடம் சொல், யாரிடமாவது வாய்விட்டுச் சொல். பெயர் வைக்காத பயம் கூட்டத்துக்கு நடுவில்தான் கழுத்தைப் பிடிக்கும். நான் அந்தப் பிளாட்பாரத்தில் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நின்றேன். நம் ஊருக்குப் போகிற ஒவ்வொரு வண்டியாக என்னைத் தாண்டிப் போனது. ஒன்றில்கூட ஏற முடியவில்லை. ஏறிவிட்டால், அவர் வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேனே.

கடைசியில் வெயில் தாழ்ந்த பிறகு, அந்தப் போலீஸ்காரப் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர் ஏறிய அதே மேம்பாலத்தில் ஏறி நானும் பீச்சுக்குப் போனேன். அங்கே தாம்பரம் போகிற வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஆமாம், இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினேன். லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டி, இரண்டாவது வாசல். உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. "இன்னா சார், பொட்டியே பிதுங்கிகினு கீது, நீ கர்ச்சீப்ப போட்டு வெச்சிகினு கீற? எங்க சார் ஆளு?" என்று ஒரு பையன் கத்தினான். ஜன்னலோரத்தில் அப்பா. அந்தப் பக்கத்து சீட்டின் மேல் கையை விரித்து வைத்து, "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் கொய்யாப்பழக் கூடையோடு நின்ற ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "உங்க வூட்டுக்காரராம்மா? நான் தாம்பரத்துல ஏறசொல்லோவே இதே எடத்துல கீறாரும்மா. அங்கியும் எறங்கல, இங்கியும் எறங்கல. இன்னான்னு கேட்டா ஆள் வருதுன்றாரு" என்றாள்.

நினைத்துப் பார் சரவணா. எனக்காக சீட் பிடித்துக்கொண்டு கோட்டையைத் தாண்டியிருக்கிறார். கூட்டத்தில் என்னை அவருக்குத் தெரியவில்லை, அவரை எனக்குத் தெரியவில்லை. அப்படியே தாம்பரம் வரை போயிருக்கிறார். இத்தனை வருஷம் இறங்கிய ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறார், சீட்டுக்கு உரியவள் இன்னும் வரவில்லை என்று. வண்டி திரும்பியிருக்கிறது. அவரும் திரும்பியிருக்கிறார். அன்றைக்கு எத்தனை நடை அப்படிப் போய் வந்தாரோ, யாருக்குத் தெரியும்? உதடு வெடித்துப்போய் இருந்தது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்.

இடித்துப் பிடித்து உள்ளே போனேன். மூச்சு வாங்கியது. "என்னங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த கர்ச்சீப்பை எடுத்துவிட்டு உட்காரப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். முரட்டுத்தனமாக இல்லை. உனக்குத்தான் தெரியுமே, வெளியாட்களிடம் அப்பா எவ்வளவு மரியாதையாகப் பேசுவார் என்று. அந்த மரியாதையோடு சொன்னார்: "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க ஆள் வராங்க. என் ஒய்ஃப் கோட்டையில ஏறுவாங்க. அவங்களுக்குக் கால் வலி."

என்னைப் பார்த்து மேடம் என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "நான்தாங்க, நல்லாப் பாருங்க" என்றேன். பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உன்னைப் பெற்ற அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. நான் யாரென்று சொல்ல அங்கே எனக்கு ஒரு சாட்சிகூட இல்லை. கத்தலாமா, அழலாமா, அவரை உலுக்கலாமா? அந்தப் பையன் வேறு, "அக்கா, இவரு உங்க ஆளா, இல்லியா? சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "விடுப்பா தம்பி. ஆள் வருவாங்க. இந்த சீட்டை விட்டுடு" என்றேன். எனக்காகப் பிடித்து வைத்த சீட்டுக்கு நானே காவல் நின்றேன்.

கோட்டை வந்தது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் தேடினார். நான் அன்றைக்கு முழுக்க நின்ற அந்த இடத்தைத்தான் தேடினார். வண்டி நகர்ந்தது. அவர் முகம் மாறியது. "ஏறலியே... ஏறலியே..." என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். அவரும் பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. என் பயத்தைவிட அவருடைய பயம்தான் பெரியது என்றும் தெரிந்தது. கட்டின மனைவியைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டதாக அல்லவா அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்! நான் குனிந்து, "ஏறிட்டாங்க சார். லேடீஸ்ல ஏறினாங்க, நான் பார்த்தேன். தாம்பரத்துல எறங்கி உங்ககிட்ட வந்துடுவாங்க" என்றேன். என் வாயால் அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நிச்சயமாப் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டார். "நிச்சயமா" என்றேன். சாய்ந்து உட்கார்ந்தார். கொய்யாக்காரம்மா ஒரு தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக் கிழித்து என் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்தார். ஆனால் சீட்டின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்படியே நின்றுகொண்டு வந்தேன். எழும்பூர், மாம்பலம், கிண்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது அந்த சீட்டைக் கேட்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து "ஆள் வராங்க" என்போம். எனக்குத் தெரியாத ஒரு மனிதரோடு, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் காவல் இருக்கிற மாதிரி இருந்தது. தாம்பரம் வந்து, இவர் இறங்கி, அங்கேயும் என்னைத் தேடினால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது, உன்னைக் கூப்பிட்டு ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. அப்போது பார்த்து உன் போன் வந்தது. "எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டாய். "வந்துட்டே இருக்கோம்டா, வண்டி கெடைக்கல" என்றேன். "அப்பா சீட் புடிச்சாரா?" என்று சிரித்தாய். "புடிச்சிட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரிசூலம் நெருங்கும்போது ஒரு பயணிகள் விமானம் தாழ்வாக இறங்கிப் போனது. பெட்டியே அதிர்ந்தது. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்வை அப்படியே இறங்கி என் மேல் வந்து நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் டீச்சரம்மா நின்னுக்கினு வர? உக்காரு. உனக்குத்தானே புடிச்சு வெச்சிருக்கேன்" என்று கர்ச்சீப்பை எடுத்து உதறி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். கொய்யாக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாம்பரத்தில் இறங்கும்போது அவருக்குப் பீச்சும் ஞாபகமில்லை, மேடமும் ஞாபகமில்லை. "இன்னிக்கு நல்ல வெயில், இல்ல?" என்றார்.

நானும் வெயில் என்றே நம்பினேன். வெறும் தலையோடு அவ்வளவு நேரம் நின்றால், தண்ணீர் குடிக்காமல் இருந்தால், எந்த வயசானவருக்கும் புத்தி தடுமாறும்தானே? நிம்மதியாக இருக்க இந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது. போன வாரம் அதுவும் போனது. பால் வாங்க கேம்ப் ரோடுக்குப் போனவரை, நம் தெரு அயர்ன் கடைக்காரர் பஸ் ஸ்டாப்பிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கோட்டைக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம், அங்கே ஒருத்தர் காத்திருக்கிறார் என்று. அன்றைக்கு வெயிலே இல்லை. மழை மேகம் போட்டிருந்தது. அதற்கப்புறம்தான் இந்தக் கேட், இந்தப் பூட்டு. காலையில் காபியைக் கொண்டுபோய் நீட்டுவேன். அவர் வாயைத் திறந்து டீச்சரம்மா என்று சொல்லும்வரைக்கும் டம்ளரை விட மாட்டேன். "என்ன, குடுக்கறதா இல்லியா?" என்று சிரிப்பார். அவர் தூங்கி எழுகிற அந்த நிமிஷத்துக்கு நான் தினமும் பயப்படுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் ஒரு காது உள்ளேதான் இருக்கிறது.

போகாதே என்று எழுதக் கை வருகிறது. அப்படி எழுதி அடித்துவிட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொல்ல மாட்டேன். மேலே எழுதியிருக்கிறேன், நீயும் படித்துவிட்டாய், அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் அதை என் முடிவாக எடுத்துக்கொள்ளாதே. நீ இந்த வேலைக்கு எத்தனை வருஷம் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். நித்யா பாவம், வீட்டில் பாதிச் சாமானை மூட்டை கட்டிவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். போவதானாலும் இருப்பதானாலும் தெரிந்துகொண்டு எடுங்கள். எதுவும் தெரியாமல் நீ ஏர்போர்ட்டில் கையாட்டிவிட்டுப் போய், பிறகு அங்கே உட்கார்ந்துகொண்டு "ஏன்மா சொல்லல?" என்று நீ கேட்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது. உன் பிள்ளைக்கும் இதையே பழக்கு. வீட்டில் ஒருத்தர் பயந்தால் நாலு பேரும் சேர்ந்து பயப்படட்டும். நான் இத்தனை நாள் ஒருத்தியாகவே பயந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். என் முழங்காலைக் காட்டப் போவதாகத்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் வா. சும்மா அந்தப் பக்கம் வந்த மாதிரி வா. உன்னைப் பார்த்ததும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அதில் இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒருவேளை சொல்லவில்லை என்றால் முகத்தில் காட்டிக்கொள்ளாதே. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க பையன் வந்துடுவாரு சார்" என்று சொல். அது போதும், அவர் பயப்பட மாட்டார்.

உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார். காபி போடப் போகிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனால் எனக்கும் கால் வலிக்கிறதுடா, சரவணா. சீக்கிரம் வா.

அம்மா